மூலிகை மருந்து சாப்பிட்டபின் தோலில் தடிப்பு: முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

வேலூர்ப் பக்கம் பங்குனி பிறந்துவிட்டால் உடம்பில் எது வந்தாலும் பழி வெயில் மேல்தான் விழும். சூரணம் குடிக்கத் தொடங்கிய ஒன்பதாம் நாள் மார்பிலும் முதுகிலும் பொரிப்பொரியாக எழும்பினால், "சூட்டுக் கொப்புளம், மோர் குடி" என்பார் ஒருவர். "மருந்து வேலை செய்யுது, உள்ளே இருக்கிற கெட்டதெல்லாம் வெளியே வருது, நிறுத்தாதே" என்பார் இன்னொருவர். இந்த இரண்டாவது பேச்சுதான் ஆளைப் படுக்க வைக்கிறது. மூலிகை சாப்பிட்டபின் புதிதாக வரும் தடிப்பு, கழிவு வெளியேறுவதற்கான அடையாளம் அல்ல. மருந்தில் உள்ள ஏதோ ஒரு பொருளை உடலின் எதிர்ப்புச் சக்தி எதிரியாகப் பார்க்கிறது, அல்லது அந்தப் பொருள் தோலை நேரடியாகச் சுடுகிறது, அல்லது ஈரல் திணறுகிறது. மூன்றில் எதுவானாலும் அடுத்த வேளை மருந்தைத் தொடக்கூடாது.

நிறுத்துவது, மருந்தையும் உறையையும் பத்திரப்படுத்துவது, நாள் கணக்குப் போடுவது, டாக்டரிடம் காட்டுவது. வேலை இந்த நான்குதான். பெரும்பாலோர் முதலாவதைத் தாமதமாகச் செய்கிறார்கள், இரண்டாவதைச் செய்வதே இல்லை.

உடனே கிளம்ப வேண்டிய நிலைமைகள்

மருந்து உள்ளே போன சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடு, நாக்கு, தொண்டை வீங்குவது, குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, தொடர் வாந்தி, தலைசுற்றி விழுவது ஆகியவற்றில் எது தடிப்போடு சேர்ந்து வந்தாலும் 108-ஐ அழையுங்கள். அதுவரை ஆளைப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள். ரத்த அழுத்தம் விழுந்திருக்கும்போது எழுந்து நிற்பதே உயிரை எடுக்கும். இந்த நேரத்தில் செட்டிரிசின் போன்ற அரிப்பு மாத்திரை போதாது. தொடையில் போடும் அட்ரீனலின் ஊசிதான் காப்பாற்றும். ஊசி போட்டுச் சரியானபின்னும் சில மணி நேரம் கழித்து இதே நிலை திரும்பலாம். அதனால் "இப்போ நல்லா இருக்கார்" என்று உடனே வீட்டுக்கு அழைத்து வராமல் டாக்டர் சொல்லும்வரை மருத்துவமனையில் இருங்கள்.

இன்னொரு வகை மெதுவாக வரும். மருந்து தொடங்கி 4 நாளிலிருந்து 4 வாரத்துக்குள் காய்ச்சல், கண் சிவந்து எரிச்சல், வாய்க்குள்ளோ பிறப்புறுப்பிலோ புண், தொட்டாலே வலிக்கும் தோல், வெந்நீர் பட்டதுபோல் உரியும் கொப்புளம் வந்தால் அது ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோயாக இருக்கலாம். இதில் அரிப்பைவிட வலிதான் அதிகம் இருக்கும். சில நேரம் தோலில் ஒன்றும் தெரியாதபோதே கண்ணும் வாயும் முந்திக்கொள்ளும். 2 முதல் 8 வாரத்துக்குள் முகம் வீங்கி, கழுத்தில் நெறிகட்டி, காய்ச்சலோடு உடம்பெல்லாம் சிவந்தால் அது ஈரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்துத் தாக்கும் வேறொரு மருந்து ஒவ்வாமை. இந்த இரண்டுக்கும் பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சி.எம்.சி. போலத் தோல்நோய், கண், தீவிர சிகிச்சை மூன்றும் ஒரே இடத்தில் உள்ள மருத்துவமனைக்கு அன்றே போங்கள். குடியாத்தத்திலோ ஜவ்வாது மலை அடிவாரத்திலோ இருப்பவர்கள் பயண நேரத்தையும் கணக்கில் வைத்து முன்கூட்டியே கிளம்புவது நல்லது.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டைத் தடிப்பின் மேல் அழுத்துங்கள். எவர்சில்வர் உதவாது, உள்ளே தெரிய வேண்டும். அழுத்தும்போது நிறம் மறைந்தால் சாதாரணத் தடிப்பாக இருக்கலாம். மறையாமல் கருஞ்சிவப்பாகவே நின்றால் தோலுக்கடியில் ரத்தம் கசிகிறது. அன்றே காட்ட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் பூண்டு, ஜிங்கோ கேப்சூல்களைச் சேர்த்துக்கொண்டபின் இடிபடாமலே நீலம் பாய்ந்தாலும் இதே விதிதான்.

மாநிறத்திலும் கருநிறத்திலும் "சிவப்பு" சிவப்பாகத் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் தோலில் அது ஊதா, அடர்பழுப்பு, சில நேரம் சுற்றுத்தோலைவிடச் சற்று மினுமினுப்பு என்ற அளவில்தான் தெரியும். கண்ணை மட்டும் நம்பாமல் விரலால் தடவிப் பாருங்கள். சூடாக இருக்கிறதா, மேடாக இருக்கிறதா என்பது கைக்கு உடனே தெரியும். உள்ளங்கை, உதட்டின் உட்புறம், கீழ் இமையின் உட்புறம் ஆகிய இடங்களில் நிறமாற்றம் தெளிவாகத் தெரியும்.

எதை நிறுத்துவது, எதை நிறுத்தக்கூடாது

சூரணம், லேகியம், கஷாயம், கேப்சூல், புரோட்டீன் பவுடர், "ஹெர்பல் டீ" எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துங்கள். எது காரணம் என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சர்க்கரை, பிரஷர், வலிப்பு, இதய நோய் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். அவற்றில் சந்தேகம் இருந்தால் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் அன்றே கேளுங்கள். அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின், ஃபெனிடோயின், யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால், சல்ஃபா மருந்துகள், வலி மாத்திரைகள் ஆகியவை கடுமையான தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனவை. மூலிகையை மட்டும் குற்றம் சாட்டிவிட்டு, அதே மாதம் புதிதாகத் தொடங்கிய மாத்திரையை மறந்துவிட்டால் நோய் தொடரும்.

உடனே நிறுத்துவதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ பெயர் ஒட்டாத பொடியை மாதக்கணக்கில் சாப்பிட்டு வருகிறீர்கள். இரண்டே நாளில் வலி பறந்தது. இப்போது முகம் உருண்டு, வயிற்றில் ஊதா வரிகள் விழுந்து, தோல் மெலிந்து, மார்பிலும் தோளிலும் ஒரே அளவில் பருக்கள், தொடையிடுக்குப் படர்தாமரை அடங்காமல் பரவுகிறது. இந்த அடையாளங்கள் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று சொல்கின்றன. அதைத் திடீரென்று விட்டால் உடலின் சொந்தச் சுரப்பு வேலை செய்யாமல் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு வரும். ஆகவே நிறுத்திவிட்டு வீட்டில் படுக்காமல், பொடியோடு அன்றோ மறுநாளோ மருத்துவமனைக்குப் போய், "இத்தனை மாதம் சாப்பிட்டேன்" என்று சொல்லுங்கள். படிப்படியாகக் குறைப்பது அவர்கள் வேலை.

பொட்டலத்தைத் தூக்கி எறியாதீர்கள்

தோல்நோய் டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி "என்ன சாப்பிட்டீங்க?" என்பது. "நாட்டு மருந்து" என்ற பதிலால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. கபசுரக் குடிநீரில் மட்டும் 15 சரக்கு. நிலவேம்புக் குடிநீரில் 9. அதனால் பாட்டில், டப்பா, உள்ளே இருந்த தாள், பில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். மீதமுள்ள பொடியில் குறைந்தது இரண்டு மேசைக்கரண்டி, உலர்ந்த சுத்தமான கண்ணாடிப் புட்டியில் இருக்கட்டும். லேகியத்தைக் குளிர்பெட்டியில் வைக்கலாம். காய்ச்சிய கஷாயம் கெட்டுவிடும். காய்ச்சாத சரக்கைத்தான் காக்க வேண்டும்.

லாங்கு பஜாரிலோ ஆற்காடு, வாலாஜா கடைத்தெருவிலோ காகிதத்தில் மடித்து வாங்கியதாக இருந்தால் இரண்டு நாளுக்குள் அதே கடைக்குப் போய், போட்ட சரக்குகளின் பெயரையும் எடையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நாள் ஆக ஆகக் கடைக்காரருக்கும் நினைவிருக்காது. சண்டை போடப் போகாதீர்கள். உதவி கேட்டுப் போனால் பெரும்பாலோர் எழுதித் தருவார்கள். பொடியாக அரைத்துவிட்டால் ஒரு சரக்குக்குப் பதில் இன்னொன்று போட்டதைக் கண்ணால் பிடிக்க முடியாது. முழுச் சரக்காக வாங்கி, பார்த்து, வீட்டில் அரைப்பது இதற்காகவே நல்லது.

டப்பாவில் மூன்றைத் தேடுங்கள். உணவுத் துணைப்பொருளாக விற்பதில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கும். சித்த, ஆயுர்வேத மருந்தாக விற்பதில் மருந்து உற்பத்தி உரிம எண், தொகுதி எண், சரக்குப் பட்டியல் இருக்கும். மருந்து விதிகளின் ஈ1 அட்டவணையில் நஞ்சுச் சரக்குகளின் பட்டியல் உள்ளது. அவை சேர்ந்த மருந்தில் "மருத்துவ மேற்பார்வையில் மட்டுமே" என்ற எச்சரிக்கை அச்சாகியிருக்க வேண்டும். சேராங்கொட்டை, எட்டி, ஊமத்தை, பாதரசம், பாஷாணங்கள் அந்தப் பட்டியலில் உள்ளவை. டப்பாவில் இந்த எண்கள் எதுவுமே இல்லை என்றால் அந்தத் தகவலையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

படம் எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், அழகுபடுத்தும் ஃபில்டர் இல்லாமல் எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் அளவு தெரியும். ஒரு படம் தூரத்திலிருந்து, ஒன்று கிட்ட. டாக்டரைப் பார்ப்பதற்குள் தடிப்பு அமுங்கிவிடுவது சாதாரணம். படம்தான் அப்போது பேசும்.

நாள் கணக்கும் தடிப்பின் வடிவமும்

ஒரு தாளில் கடந்த 8 வாரத்தை எழுதுங்கள். எந்தத் தேதியில் எந்த மருந்து தொடங்கியது, எத்தனை வேளை, எவ்வளவு, தேனிலா நெய்யிலா வெந்நீரிலா, எப்போது புதுப் பாக்கெட் பிரித்தீர்கள் என எல்லாம். பல மாதமாக ஒத்துக்கொண்ட மருந்து புதுப் பாக்கெட்டில் ஒத்துக்கொள்ளாமல் போனால் சரக்கு மாறியிருக்கலாம். தடிப்பு தொடங்கிய நாளைச் சிவப்பில் குறியுங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

காணாக்கடி என்று நம் ஊரில் சொல்வது திட்டுத்திட்டாக வீங்கி அரிக்கும். மருந்து சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் வரும். ஒரு திட்டைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு நேரம் குறியுங்கள். 24 மணி நேரத்துக்குள் அந்த இடம் சுத்தமாகி வேறிடத்தில் எழும்பினால் அது காணாக்கடிதான். அதே இடத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் நின்று, எரிந்து, அடங்கும்போது கன்றிப்போன தடம் விட்டால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையும் தோல் துணுக்குப் பரிசோதனையும் தேவைப்படும்.

அம்மை போல் பொரிப்பொரியாக மார்பில் தொடங்கிக் கைகால்களுக்குப் பரவுவது, முதல் தடவை சாப்பிடும் மருந்தில் 4 முதல் 14 நாளுக்குள் வரும். முன்பு ஒருமுறை ஒத்துக்கொள்ளாத மருந்து என்றால் ஓரிரு நாளிலேயே வந்துவிடும். நிறுத்தியபின்னும் இரண்டு மூன்று நாள் கூடிவிட்டுத்தான் குறையத் தொடங்கும். "நிறுத்தியும் கூடுதே, அப்போ மருந்து காரணமில்லை" என்று திரும்பத் தொடங்கிவிடாதீர்கள். காய்ச்சல், முகவீக்கம், வாய்ப்புண் இல்லாதவரை பயப்பட வேண்டியதில்லை.

வட்டமான கரும்புள்ளி ஒன்றிரண்டு, உதட்டிலோ கையிலோ பிறப்புறுப்பிலோ, ஒவ்வொரு முறை மருந்து சாப்பிட்டபோதும் சரியாக அதே இடத்தில் சிவந்து எரிந்தால் அது நிலைத்த மருந்துத் தடிப்பு. இதற்குப் பெரும்பாலும் வலி மாத்திரை, ஆன்டிபயாட்டிக் போன்ற இரசாயன மருந்துகளே காரணம். மூலிகைப் பொடி சாப்பிட்டு இது வந்தால் பொடியில் வலி மாத்திரை இடித்துக் கலந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

தோலில் ஒன்றுமே இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்காலிலிருந்து உடம்பெல்லாம் அரித்து, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால் தோலை விட்டுவிட்டு ஈரலைப் பாருங்கள். அமுக்கரா கேப்சூல், சீந்தில் சாறு, மிளகுச்சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல் ஆகியவற்றில் ஈரல் பாதிப்பு பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. ஈரல் செயல்பாட்டுப் பரிசோதனையை அன்றே எடுங்கள். கண் மஞ்சளாகும்வரை காத்திருக்க வேண்டாம்.

வெயிலின் வேலைதானா என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வேர்க்குரு கழுத்து, அக்குள், இடுப்புப் பட்டை, முதுகு என்று வேர்வை தேங்கும் இடத்தில் ஊசிமுனைக் குருக்களாகக் குத்தும். காற்றோட்டமாக இரண்டு மூன்று நாள் இருந்தால் அடங்கும். உள்ளங்கையில் வேர்க்குரு வராது. அக்கி உடலின் ஒரே பக்கம் பட்டையாக, கொத்துக் கொப்புளமாக, எரிச்சலோடு வரும். அதற்குக் காவி பூசி நாள் கடத்தாமல் 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்கினால்தான் முழுப் பலன். மருந்துத் தடிப்போ பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும்.

நம் பக்கத்துச் சரக்குகளில் எச்சரிக்கை தேவைப்படுபவை

சேராங்கொட்டைக்கு முதலிடம். அதன் ஓட்டிலுள்ள கருநெய் தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கும். சலவைக்காரர்கள் துணியில் குறி போடப் பயன்படுத்தியதும் இதைத்தான். சுத்தி (சரக்கின் நஞ்சை முறிக்கும் முறை) சரியாகச் செய்யாத லேகியம் உள்ளே போனால் உடல் மடிப்புகளும் ஆசனவாய் ஓரமும் அரித்துச் சிவக்கும், வாய் ஓரம் புண்ணாகும். மாங்காய்ப்பால் பட்டு உதடு வெந்தவர்கள், முந்திரி ஓட்டு எண்ணெய் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம், ஒவ்வாமையும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். கையில் பட்டால் உடனே, முடிந்தால் 10 நிமிடத்துக்குள், சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டுக் கழுவி நகக்கண்ணையும் தேய்க்க வேண்டும். அந்தக் கையால் கண்ணைத் தொட்டால் இமை மூடிக்கொள்ளும். கொடிவேலி வேரும் பச்சையாக அரைத்துப் பூசினால் இதேபோல் கொப்புளம் எழுப்பும்.

வெண்புள்ளிக்குக் கொடுக்கும் கார்போக அரிசியில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. அது வெயிலோடு சேரும்போதுதான் தோலைச் சுடும். பூசியோ சாப்பிட்டோ வேலூர் வெயிலில் இரு சக்கர வண்டியில் போனால் முகம், கழுத்தின் திறந்த பகுதி, புறங்கை ஆகியவை சிவந்து கொப்புளிக்கும். சட்டை மறைத்த இடமும் முகவாய்க்கு அடியிலும் காதுக்குப் பின்னும் தப்பித்திருக்கும். அந்த எல்லைக்கோடுதான் அடையாளம். சூடு உடனே தெரியாது. இரண்டு மூன்று நாளில்தான் உச்சத்துக்கு வரும் என்பதால் மக்கள் அதை மருந்தோடு சேர்த்து யோசிப்பதில்லை. ஜன்னல் கண்ணாடி இதைத் தடுக்காது. பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாலும் படும். சாப்பிட்ட நாள் முழுக்க வெயிலில் போகக்கூடாது. வெயிலில் நிற்கும் நேரத்தை நிமிடக் கணக்கில் கூட்டிக்கொண்டு போகும் இந்தச் சிகிச்சையை மருத்துவர் கண் பார்வையில் மட்டும் செய்யுங்கள். சதாப்பிலையும் எலுமிச்சைச் சாறும் தோலில் பட்டு வெயில் அடித்தாலும் இதே கதைதான், அளவில் சிறிது.

பாலாற்றங்கரையிலும் சாலையோரத்திலும் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியத்தால் முகமும் கழுத்தும் தடித்தவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். அதன் குடும்பத்துச் செடிகளே கரிசலாங்கண்ணி, அக்கரகாரம், கோஷ்டம், மாசிபத்திரி, சாமந்தி, சீமைச்சாமந்தி டீ எல்லாம். ஒவ்வாமையைத் தூண்டும் அதே வகை வேதிப்பொருள் இவற்றிலும் உண்டு. கபசுரக் குடிநீரின் 15 சரக்கில் அக்கரகாரமும் கோஷ்டமும் சேர்த்தி என்பதை மறக்க வேண்டாம். பார்த்தீனியத் தடிப்பு அடங்கியிருந்தவருக்குக் குடிநீர் குடித்தபின் இமையும் முழங்கை மடிப்பும் மீண்டும் அரிக்கத் தொடங்கினால் முதலில் இங்கே பாருங்கள்.

நிலவேம்பு பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. ஆனாலும் காணாக்கடி முதல் உயிரைப் பறிக்கும் ஒவ்வாமை வரை பதிவாகி, 2015-இல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கென எச்சரிக்கை விட்டது. ஒருமுறை நிலவேம்புக்குப் பின் தடித்திருந்தால் டெங்கு காலத்தில் தெருவில் ஊற்றிக் கொடுக்கும்போது வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

நிலக்கடலை, கொண்டைக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்த ஒவ்வாமை வெந்தயப் பொடிக்கும் தாவலாம். இசப்கோல் தூசியை வருடக்கணக்கில் மூக்கில் இழுத்த செவிலியர்களுக்கு, பிறகு அதையே சாப்பிட்டபோது கடும் ஒவ்வாமை வந்தது பதிவாகியிருக்கிறது. மருத்துவமனை வேலையில் உள்ளவர்கள் நிறைந்த ஊர் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேதிக்கு நிலாவரை கொடுத்த குழந்தைக்கு இரவு டயபரில் மலம் தங்கினால் புட்டம் வெந்துபோகும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் டயபரைக் கழற்றுங்கள். பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டுவது மருந்தல்ல, தீப்புண் உண்டாக்கும் வழி. கருஞ்சீரக எண்ணெயில் பூசிய இடத்தில் தடிப்பு வருவது உண்டு. குடித்தபின் உடம்பெல்லாம் கொப்புளித்ததும் அபூர்வமாகப் பதிவாகியுள்ளது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் வேலையில் கை வெடித்து "குரோமியம் ஒவ்வாமை" என்று கண்டறியப்பட்டவர்களுக்கு ஒரு குறிப்பு. சர்க்கரைக்கும் எடைக் குறைப்புக்கும் விற்கும் சில கேப்சூல்களில் மூலிகையோடு குரோமியம் பிகோலினேட் சேர்த்திருப்பார்கள். உள்ளே போகும் குரோமியம் ஆறிக்கிடந்த கையைத் திரும்பக் கிளப்பலாம். டப்பாவின் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள்.

பற்பம், செந்தூரம், ரச மருந்துகளைத் தகுதியுள்ள சித்த மருத்துவர் அளவோடு கொடுப்பது வேறு, தபாலில் வரும் டப்பாவை வருடக்கணக்கில் சாப்பிடுவது வேறு. பாஷாணம் (ஆர்சனிக்) உடலில் சேர்ந்தால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஆணி போன்ற முரட்டுக் கட்டிகள், மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போல் வெளிறியும் கறுத்தும் புள்ளிகள் வரும். இது அரிக்காது, அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. பாதரசம் சேர்ந்தால் சிறுநீர் நுரைத்துக் கால் வீங்கும். சிறுநீரில் ஆர்சனிக் பார்ப்பதற்கு முன் நான்கு நாள் கடல்மீன் சாப்பிடாதீர்கள், கணக்கு தப்பாகும்.

டாக்டரைப் பார்க்கும்வரை வீட்டில்

சாதாரணத் தண்ணீரில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியைப் பிழிந்து 10 முதல் 15 நிமிடம் போடுங்கள், நாளைக்கு மூன்று நான்கு முறை. ஐஸை நேரடியாக வைக்காதீர்கள். வெந்நீர்க் குளியல் அரிப்பைக் கூட்டும். கேலமைன் லோஷன் உடையாத தோலில் தடவலாம். பெரியவர்கள் செட்டிரிசின் 10 மி.கி. இரவில் ஒன்று போடலாம். தூக்கம் வரும் என்பதால் வண்டி ஓட்டாதீர்கள். குழந்தை, கர்ப்பிணி, சிறுநீரக நோயாளி என்றால் கேட்காமல் போடக்கூடாது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

மஞ்சள், வேப்பிலை, குப்பைமேனி, கற்றாழை என்று வரிசையாகப் பூசுவதைத் தயவுசெய்து விடுங்கள். ஏற்கெனவே கொந்தளிக்கும் தோலில் புதிய பொருள் ஒவ்வொன்றும் இன்னொரு ஒவ்வாமைக்கு வாசல்; அதோடு தடிப்பின் வடிவம் மறைந்து டாக்டருக்கும் குழப்பம். கற்றாழையின் தோலுக்கடியில் வடியும் மஞ்சள் பாலே தனியாக எரிச்சலூட்டும். மருந்துக்கடையில் கேட்டவுடன் கொடுக்கும், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றாகக் கலந்த கிரீம் இதைவிட மோசம். இரண்டு நாள் அடங்கியதுபோல் காட்டிவிட்டுப் படர்தாமரையாக விரியும்.

பரிசோதனைகள், திரும்பத் தொடங்குவது, பதிவு செய்வது

டாக்டரிடம் தாள், படம், பை மூன்றையும் கொடுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டதைத் திட்டுவாரோ என்று மறைத்தால் இழப்பு உங்களுக்குத்தான். காய்ச்சலோ பரவலான தடிப்போ இருந்தால் ரத்த அணுக்கள், அதிலும் இயோசினோபில் எண்ணிக்கை, ஈரல், கிரியேட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை கேட்பார்கள். தொட்டதால் வந்த தடிப்புக்கு, சந்தேகப் பொருளை வைத்த பேட்சை முதுகில் ஒட்டிப் பார்ப்பார்கள். 48 மணி நேரத்தில் எடுத்துப் பார்த்து, 96 மணி நேரத்தில் திரும்பப் பார்ப்பார்கள். இடையில் முதுகு நனையக்கூடாது. சித்திரை, வைகாசி வேர்வையில் பேட்ச் கழன்றுவிடும் என்பதால், அவசரமில்லை என்றால் ஐப்பசிக்கு மேல் தேதி கேளுங்கள். உடனடி ஒவ்வாமைக்கான ஊசிக்குத்துப் பரிசோதனைக்கு முன் ஒரு வாரம் அரிப்பு மாத்திரை கூடாது.

காரணம் என்று சந்தேகிக்கும் மருந்தை "உறுதி செய்துகொள்ள" வீட்டில் திரும்பச் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள். மூச்சுத் திணறல், கொப்புளம், வாய்ப்புண், ஈரல் பாதிப்பு இருந்திருந்தால் ஆயுள் முழுக்க அந்தச் சரக்கு வேண்டாம். அதன் பெயரை ஒரு அட்டையில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். மற்ற மருந்துகளைத் தொடங்கினால் ஒரு நேரத்தில் ஒன்று, அடுத்ததற்கு 14 நாள் இடைவெளி. பொரித்தடிப்பு வர எடுக்கும் காலம் அதுதான் என்பதால், இடைவெளி குறைந்தால் எது காரணம் என்று பிரிக்க முடியாது. புதுத் தைலத்தை முன்கையின் உட்புறத்தில் நாணய அளவு இடத்தில் காலையும் மாலையும் 7 நாள் தடவிப் பாருங்கள். ஒரே நாள் தடவிப் பார்ப்பது போதாது, தாமத ஒவ்வாமை அதில் தப்பிவிடும். "ஹெர்பல்" என்று விற்கும் கருப்புத் தலைச்சாயங்களுக்கு இந்தச் சோதனையை நம்பாதீர்கள். பி.பி.டி. (பாரா-ஃபினைலின்டையமின்) என்ற சாயப்பொருள் சேர்ந்திருந்தால் சோதனையே புது ஒவ்வாமையை உண்டாக்கலாம். சரக்குப் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் வாங்க வேண்டாம்.

பக்கவிளைவைப் பதிவு செய்ய நோயாளியே போதும், டாக்டர் கையெழுத்து தேவையில்லை. 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் வேலை நாட்களில் சொல்லலாம். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் ஆயுஷ் சுரக்ஷா இணையதளத்திலும் பதியலாம். சித்த மருந்துகளுக்கான மையம் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இயங்குகிறது. மருந்தின் பெயர், தொகுதி எண், தொடங்கிய தேதி, தடிப்பு வந்த தேதி, நிறுத்தியபின் என்ன ஆயிற்று ஆகிய ஐந்தும் கேட்பார்கள். எடுத்து வைத்த பையும் எழுதிய தாளும் இருந்தால் ஐந்துக்கும் அப்போதே பதில் சொல்லிவிடலாம்.